தீவகத்து வேலியும் பத்தியும்: மழைக்கு மட்டும் விலை போடாதீர்கள்

யாழ்ப்பாணத்தில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களுக்கும் இரும்புப் பட்டறை நடத்துவோருக்கும் தீவகம் ஒரு நல்ல சந்தை. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு என்று எங்கே போனாலும், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் யாரோ ஒருவர் வேலி போட்டுக்கொண்டிருப்பார், அல்லது வீட்டு முன்பக்கத்துக்குக் கூரை இறக்கிக்கொண்டிருப்பார். சுவரோடு சாய்த்து இறக்கும் அந்தக் கூரையை அங்கே பத்தி என்பார்கள். பத்தி எழுதுகிறவன் பத்தி இறக்குவதைப் பற்றி எழுதினால் பொருத்தமாகத்தான் இருக்கும்.

இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. போட்ட வேலி மூன்று நான்கு வருடத்தில் துருப்பிடித்து விழும். "உப்புக் காற்று, என்ன செய்யலாம்?" என்பார் விற்றவர். வாங்கியவரும் தலையாட்டிவிட்டு அதே சாமானை மறுபடியும் வாங்குவார். உப்புக் காற்று புதிதாக வந்ததல்ல. அது எவ்வளவு வேகமாக இரும்பைத் தின்னும் என்பதற்குக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கை விலைமனுவில் எழுதிக் கொடுக்கும் வியாபாரிக்குத் தீவகத்தில் நிலையான இடம் கிடைக்கும் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் பழைய ஆட்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். யாழ்ப்பாணத்து வேலி என்றால் கதியால் வேலி. மாரி தொடங்கும்போது கிளுவை, பூவரசு, முள்முருக்குத் தடிகளை வெட்டி நட்டுவிடுவார்கள். மழையில் வேர் பிடித்துவிடும். அதற்குமேல் பனையோலையோ கிடுகோ வைத்து அடைப்பார்கள். ஓலை உக்கினால் மாற்றலாம். உக்கிய ஓலை தோட்டத்துக்குப் பசளை, கதியாலில் வெட்டும் குழை ஆட்டுக்குத் தீனி. துருப்பிடிக்க அதில் ஒன்றுமே இல்லை. நெடுந்தீவிலோ தடி நடுவதற்குக்கூட மண் ஆழமில்லை, தோண்டினால் கல். ஆகவே அங்குள்ளவர்கள் முருகைக் கல்லையும் சுண்ணக் கல்லையும் சாந்து இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி மதில் செய்தார்கள். அந்தக் கல்வேலிகள் இன்றும் தீவு முழுவதும் நிற்கின்றன. காற்று கல்லிடுக்கால் புகுந்து போய்விடும், மழைத் தண்ணீரும் தேங்காது. தள்ளப்படாமல் நிற்பதற்கு அதுதான் காரணம்.

கூரைக்குப் பனை. முற்றிய பனையின் வெளிப்புற வைரத்தைச் சலாகையாகவும் கைமரமாகவும் அறுத்துப் போட்டால் உப்புக் காற்று அதை ஒன்றும் செய்யாது. ஆனால் இன்று பனை வெட்டுவதற்கும் மரம் ஏற்றிச் செல்வதற்கும் அனுமதி வேண்டும். பாலை, முதிரை போன்ற காட்டு மரங்களுக்கும் அப்படித்தான். பத்திரமில்லாத மரத்தை மலிவு என்று வாங்கிப்போட்டு லொறியோடு பிடிபடுவது வியாபாரமாகாது. அந்த இடத்தில்தான் இரும்பும் தகரமும் கொங்கிறீட் தூணும் நுழைந்தன. நாம் விற்பதும் அவைதாம்.

நாகத்தின் கணக்கு

ஜீ.ஐ. என்றாலே துருப்பிடிக்காது என்று நினைப்பது தவறு. இரும்பின் மேல் உள்ள நாகப் பூச்சு முதலில் கரையும், அது கரைந்து முடிந்தபின் இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கும். ஆகவே பூச்சு எவ்வளவு தடிப்பு என்பதுதான் கேள்வி. தகட்டிலும் பொக்ஸ் பாரிலும் 275 என்று குறித்திருந்தால், ஒரு சதுர மீற்றருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 275 கிராம் நாகம் என்று பொருள். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 20 மைக்ரோன் வரும். 120 என்று குறித்திருந்தால் 8 அல்லது 9 மைக்ரோன்தான்.

ஊருக்குள்ளே, கடலுக்குத் தூரத்தில், வருடத்துக்கு 1 அல்லது 2 மைக்ரோன் நாகம் கரையலாம். கடலைப் பார்த்து நிற்கும் இடத்தில் வருடத்துக்கு 4 முதல் 8 மைக்ரோன் வரை போகும் என்பது சர்வதேச அரிப்புத் தரங்கள் வகுத்துள்ள அளவு. இப்போது வகுத்துப் பாருங்கள். 120 பூச்சு கடற்கரையில் ஒன்று அல்லது இரண்டு வருடம். 275 பூச்சு இரண்டரை முதல் ஐந்து வருடம். வேலையை வெட்டி ஒட்டி முடித்தபின் முழுதாக உருக்கிய நாகத்தில் முக்கி எடுத்தால், ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேல் தடிப்புள்ள இரும்பில் 55 மைக்ரோன் அளவில் பூச்சு ஏறும். அது ஏழு முதல் பதின்மூன்று வருடம் தாங்கும். முக்கி எடுக்கும் கூலியைக் கேட்டால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். வருடக் கணக்கில் பிரித்துக் காட்டினால் சுளிக்கமாட்டார்.

இன்னொன்று. பட்டறையில் ஒட்டும் இடத்தில் நாகம் எரிந்துபோய்விடும். முக்கி எடுக்காத வேலையில் துரு எப்போதும் அங்கேதான் தொடங்கும். ஒட்டிய கையோடு கம்பித் தூரிகையால் சுரண்டி, நாகத்தூள் கலந்த பெயின்ற்றை இரண்டு கை பூசச் சொல்லுங்கள். வெள்ளிப் பெயின்ற் அடித்து மறைப்பது வேறு, இது வேறு.

கம்பியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 12ஆம் கேஜ் கம்பி 2.64 மில்லிமீற்றர், 14ஆம் கேஜ் 2.03 மில்லிமீற்றர். பார்வைக்குச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் 14இல் உள்ள இரும்பு 12இல் உள்ளதன் 60 வீதம் மட்டுமே. சுருள் கணக்கில் விலை பேசும்போது மலிவாகத் தெரிவது நிறைக் கணக்கில் மலிவாக இல்லாமல் போகலாம்.

ஆணி, திருகாணி விடயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். தகடு பத்து வருடம் நின்றாலும் திருகாணி மூன்று வருடத்தில் போனால் கூரை போய்விட்டது. கடலோரத்துக்குத் துருப்பிடியா உருக்கில் 316 என்ற வகைதான் பொருத்தம், 304 அங்கே கறைபிடிக்கும். இப்போது தங்குவிடுதிக்காரர்கள் கடலைப் பார்த்து உட்கார மரத்தளம் கேட்கிறார்கள். அதற்கும் இதே விதிதான்: பலகைக்குப் பலகை ஐந்து ஆறு மில்லிமீற்றர் இடைவெளி, அடியில் காற்றோட்டம், 316 திருகாணி. மரத்தைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறவர்கள் திருகாணியை மறந்துவிடுகிறார்கள்.

மூன்று வகை நிலம்

தீவகத்தில் ஒரே விதமாகக் கிடங்கு வெட்டித் தூண் நட முடியாது. கடற்கரைப் பக்கம் மணல். நெடுந்தீவிலும் வேறு பல இடங்களிலும் ஓரடிக்குள் கல். வேலணை, புங்குடுதீவுப் பக்கங்களில் தரவை நிலங்களும் தாழ்ந்த வயல்களும் உண்டு. அங்கேதான் உவரும் களியும். கோடையில் வெடித்துக் கிடக்கும், மாரியில் வீங்கும். இந்த வீக்கமும் சுருக்கமும் தூணை மெல்ல மெல்ல மேலே தள்ளும், ஒரு பக்கம் சாய்க்கும். மன்னார் முருங்கன் பக்கத்துக் கனத்த களியில் வேலை செய்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தமிழ்நாட்டுக் கரிசல் மண்ணிலும் இதே தொல்லைதான். இந்தியாவில் ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் நிலத்துக்கென்றே அடிப்பக்கம் குமிழ்போல் அகன்ற அத்திவாரத் தூணை உருவாக்கியது. மண் மேலே இழுத்தாலும் அகன்ற அடி பிடித்துக்கொள்ளும்.

வேலித் தூணுக்கு அவ்வளவு ஆழம் தேவையில்லை, ஆனால் அந்த யோசனையை எடுத்துக்கொள்ளலாம். களியில் கிடங்கை மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும் வெட்டுவது நமது கூலியாட்களின் வழக்கம், ஏனென்றால் அலவாங்குக்கு அதுதான் சுகம். அப்படி வெட்டினால் வீங்கும் களி கொங்கிறீட்டை ஆப்புப்போல் மேலே தள்ளிவிடும். கீழே அகலமாக வெட்டச் சொல்லுங்கள். அடியில் நாலு அங்குலம் சல்லி போடுங்கள். கொங்கிறீட்டின் தலையை நிலத்துக்கு மேல் இரண்டு அங்குலம் உயர்த்தி, தண்ணீர் வழிந்தோடச் சாய்த்து முடியுங்கள். தூணைச் சுற்றிக் கிண்ணம்போல் விட்டால் அதில் தேங்கும் தண்ணீரே தூணைத் தின்றுவிடும்.

கொங்கிறீட் தூண் வார்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கழுவாத கடல் மணலும் உவர்க் கிணற்றுத் தண்ணீரும் சேர்த்து வார்த்த தூண், வார்த்த நாளிலேயே நோயோடு பிறந்த பிள்ளை. உப்பு உள்ளேயிருந்தே கம்பியைத் துருவாக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், தூண் நீளவாட்டில் வெடிக்கும். மூன்று அங்குலத் தூணில் கம்பியை மூடும் கொங்கிறீட் ஓர் அங்குலமும் வராது. தீவகத்துக்கு ஐந்து அங்குலத் தூண் வாருங்கள், கம்பியை ஒன்றரை அங்குலம் உள்ளே தள்ளுங்கள். சாம்பல் கலந்த சீமெந்து உப்பு உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்தும். தண்ணீரைப் பவுசரில் கொண்டுபோக வேண்டியிருந்தால் அந்தச் செலவையும் விலையில் போடுங்கள்.

பத்தியைத் தூக்கும் காற்று

பத்திக் கூரை பாரத்தால் விழும் என்று எல்லோரும் தூணைத் தடிப்பாக்குகிறார்கள். அது விழுவதில்லை, பறக்கும். 2008 நவம்பரில் நிஷாவும் 2020 டிசம்பரில் புரேவியும் வந்தபோது வடக்கில் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பத்தடிக்கு இருபதடி பத்தி ஒன்றை எடுத்துக்கொள்வோம். தகட்டின் நிறை நூறு கிலோவும் வராது. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகக் காற்று அதன் அடியில் புகுந்தால் ஏறக்குறைய 900 கிலோ விசையோடு மேலே தூக்கும். பாதியை வீட்டுச் சுவர் பிடித்துக்கொண்டால், மீதி 450 கிலோவை முன்னாலுள்ள மூன்று தூண்கள் பிடிக்க வேண்டும், தூணுக்கு 150 கிலோ. ஒன்றரை அடி நீள அகல ஆழமுள்ள கொங்கிறீட் கட்டி 225 கிலோவுக்கு மேல் வரும், போதும் என்று தோன்றும். ஆனால் புயல் வருவது மாரியில். அப்போது தாழ்ந்த நிலத்தில் தண்ணீர் தரைமட்டம் வரை ஏறியிருக்கும். தண்ணீருக்குள் அதே கட்டியின் பாரம் 135 கிலோ அளவுக்கு இறங்கிவிடும். இரண்டடிக் கட்டியாகப் போட்டால் தண்ணீருக்குள்ளும் 300 கிலோவுக்கு மேல் நிற்கும். கூடுதல் சீமெந்தின் விலை, பறந்துபோகும் ஒரு தகட்டின் விலைக்கு முன்னால் ஒன்றுமில்லை.

தூணுக்கும் கட்டிக்கும், வளைக்கும் தூணுக்கும், தகட்டுக்கும் சலாகைக்கும் இடையில் ஒரு சங்கிலிபோல் பிடிப்பு இருக்க வேண்டும். ஓரத்து வரிசையிலும் முகப்பிலும் ஒவ்வொரு மடிப்புக்கும் திருகாணி போடுங்கள், காற்று முதலில் பிடுங்குவது அங்கேதான். மாரிக்காலத்து வாடையை மட்டும் நினைத்து வாசலை மறைப்பவர்கள், வைகாசி தொடங்கி மாதக்கணக்காக அடிக்கும் சோளகத்தை மறந்துவிடுகிறார்கள். உப்பை அள்ளிக்கொண்டு வந்து தகட்டில் பூசுவது அந்தக் காற்றுதான். மாரி மழை அதைக் கழுவிவிடும். ஆனால் மழை படாத அடிப்பக்கத்தில் உப்பு அப்படியே தங்கும். பத்தித் தகடு அடியிலிருந்து துருப்பிடிப்பது இதனால்தான். கோடையில் இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவச் சொல்லுங்கள். செலவில்லாத வைத்தியம்.

வள்ளத்தில் நனைந்த கட்டு

வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் லொறி போகும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானில் இறக்கி வள்ளத்தில் ஏற்ற வேண்டும், மறுகரையில் மறுபடி இறக்கி ஏற்ற வேண்டும். ஒவ்வொரு கை மாற்றத்துக்கும் கூலி உண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு மூலை நெளியும். இருபதடித் தகட்டை அனுப்பாமல் பத்தடியாக வெட்டி அனுப்பி, ஆறங்குலத்துக்குக் குறையாமல் மேல்பொருத்து விடுவது நடைமுறைக்கு உகந்தது.

இதில் ஒரு விடயத்தை நான் அழுத்திச் சொல்வேன். கட்டாகக் கட்டிய தகடுகளுக்கிடையில் கடல் தண்ணீர் தெறித்துத் தங்கினால் இரண்டொரு வாரத்திலேயே வெள்ளைப் பொடி பூக்கும். அது நாகத்தின் துரு. பிரித்து, நல்ல தண்ணீரில் கழுவி, சாய்த்து உலர்த்தினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். பிரிக்காமல் வைத்தால் பூச்சில் பாதி கடையிலேயே போய்விடும். அப்படிப்பட்ட கட்டில் நல்ல தகடு இரண்டை மேலே வைத்துக் கட்டி விற்பதை நான் கண்டிருக்கிறேன். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்கள் ஈரமான சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருப்பதை நாம் எல்லோரும் ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம். மழை பட்டுவிட்டது என்று வியாபாரி சொன்னார். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபியவர்கள் கேட்டார்கள். மழையில் நனைந்தது வியாபாரியின் குற்றமல்ல, மறைத்ததுதான் குற்றம். வெள்ளைத் துருப் பிடித்த தகட்டையும் விற்கலாம், ஆட்டுக் கொட்டிலுக்கு அது போதும். குறையைச் சொல்லி, விலையைக் குறைத்து விற்கலாம்.

விலைமனுவில் என்ன எழுதுவது?

"வேலி, பத்தி, வேலையும் சாமானும் சேர்த்து இவ்வளவு" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுப்பதுதான் எல்லாப் பிணக்குக்கும் மூலம். செய்து தரும்படி ஒருவர் சொல்ல, இன்னொருவர் தன் சாமானைப் போட்டுச் செய்து கொடுக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு பிக்ஹில் இஸ்திஸ்னா என்று பெயர். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் இமாம்கள் இதை ஸலம் என்ற முன்பண விற்பனையின் நிபந்தனைகளோடு சேர்த்தே பார்த்தார்கள், அதில் முழுப் பணமும் முன்கூட்டியே கொடுபட வேண்டும். ஹனபி மத்ஹபில் இது தனி ஒப்பந்தம். 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, பொருளின் இனம், வகை, அளவு, வேண்டிய தன்மைகள், முடிக்கும் காலம் ஆகியவை தெளிவாகக் குறிக்கப்பட்டால் இஸ்திஸ்னா இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்றும், பணத்தைத் தவணையாகக் கொடுக்கலாம் என்றும் தீர்மானித்தது.

அந்த நிபந்தனைகளை நமது தொழிலுக்குப் பொருத்திப் பாருங்கள். பொக்ஸ் பாரின் தடிப்பு எத்தனை மில்லிமீற்றர், நாகம் எத்தனை கிராம், முக்கி எடுத்ததா இல்லையா, கம்பி எத்தனையாம் கேஜ், தூண் எத்தனை அங்குலம், கிடங்கு எத்தனை அடி, திருகாணி எந்த வகை, எந்தத் தேதிக்குள். எழுத ஒரு தாள்தான் செலவு. புங்குடுதீவில் வேலை நடக்க, பணம் கொடுப்பவர் சுவிஸிலோ ரொறன்ரோவிலோ இருப்பார். அவர் பார்க்கக்கூடியது அந்தத் தாளை மட்டும்தான். மலிவான விலைமனுவையும் உங்கள் தாளையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, மற்றவர் எழுதாமல் விட்டது என்ன என்பது தானாகத் தெரியும்.

விலை எத்தனை நாளைக்குச் செல்லும் என்பதையும் குறிப்பிடுங்கள். 2022 மார்ச்சில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர் இரண்டே மாதத்தில் 360 ஆனது. அப்போது ஆறு மாத விலை சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் பலர். கையெழுத்திட்டபின் விலையை ஏற்றுவது சரியல்ல. ஆகவே கையெழுத்துக்கு முன் பத்து நாள் தவணை வைப்பதும், கையெழுத்தானதும் முற்பணத்தில் தகட்டையும் இரும்பையும் வாங்கி ஒதுக்குவதும்தான் வழி.

வேலி போடுகிறவர்கள் இன்னொன்றையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்: எல்லை எது? யாழ்ப்பாணத்தில் கதியால் மாற்றும் ஒவ்வொரு முறையும் வேலி ஒரு சாண் நகரும் என்பது பழைய பகிடி. பக்கத்துக் காணிக்காரர் ஊரில் இல்லாத இடத்தில் அது பகிடியல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நமக்கு, ஆளில்லாத காணிக்குள் மற்றவர் வேலி வந்தால் எப்படியிருக்கும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. பத்து வருட அனுபோகத்தைக் காட்டிக் காணி கேட்கும் வழக்குகளில், போரால் காணிக்குப் போக முடியாதிருந்தவர்களுக்கு எதிராக 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கில் எடுக்க முடியாது என்று 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. எனவே நில அளவையாளரின் படம் இல்லாமல் புதிய எல்லையில் தூண் நட வேண்டாம். வழக்கு வந்தால் நீங்களும் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டிவரும்.

கடைசியாகக் காலம். ஐப்பசி முதல் மார்கழி வரை களியில் கிடங்கு வெட்ட முடியாது, நெடுந்தீவுக் கடலும் வள்ளத்துக்கு ஏற்றதல்ல. தை கடந்ததும் கட்டளை எடுத்து, சோளகம் கடுமையாகும் முன் சாமானைத் தீவுக்குக் கடத்தி, கொங்கிறீட்டை மாசி, பங்குனியில் முடிப்பது நல்லது. நயினாதீவில் ஆனி மாதத் திருவிழாவுக்கு யாத்திரிகர் வந்து குவியுமுன் கடைக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பத்தி கேட்பார்கள், அதற்கான தகட்டைச் சித்திரைக்கு முன்பே வாங்கி வையுங்கள். கதியால் வேலிதான் வேண்டும் என்று ஒருவர் சொன்னால் மறுக்காதீர்கள். கம்பியை மட்டும் அவருக்கு விற்றுவிட்டு, தடியை முதல் மழையோடு நடச் சொல்லுங்கள்.